பென் டிரைவ் செருக ரூட் பாஸ்வேர்டு எதற்கு?

வீட்டில் ஒரே ஃப்ரீபிஎஸ்டி (லினக்ஸ் போன்ற ஒரு இயங்குதளம்) கணினியை நாலு பேர் பயன்படுத்தும்போது, பென் டிரைவ் கொண்டுவருகிற எல்லாருக்கும் ரூட் (முழு அதிகாரமும் உள்ள நிர்வாகக் கணக்கு) பாஸ்வேர்டைச் சொல்லித் தருவது சரியில்லை. சாதாரண யூசரே அதை மவுண்ட் செய்ய, அதாவது ஒரு ஃபோல்டரில் இணைத்துத் திறக்க, வழி இருக்கிறது. ஆனால் மூன்று இடத்தில் அனுமதி வேண்டும், எது குறைந்தாலும் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்றே வருவதால் குறை எங்கே என்று தெரியாமல் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் விஎஃப்எஸ்.யூசர்மவுண்ட் என்ற கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அமைப்பை 1 ஆக்குங்கள், அதைக் கான்ஃபிக் கோப்பிலும் எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் ரீபூட் செய்ததும் போய்விடும். அப்புறம் மவுண்ட் செய்யும் ஃபோல்டர். அதில் எழுத அனுமதி இருந்தால் போதாது, ஓனரே அந்த யூசராக இருக்க வேண்டும், ஆகவே அவரவர் ஹோமுக்குள் ஒன்று உருவாக்கிக்கொள்வதே நல்லது.

மூன்றாவது, டிரைவுக்கான டிவைஸ் கோப்பு, அதாவது சிஸ்டத்தில் அந்த டிரைவைக் குறிக்கும் கோப்பு. அதைப் படிக்கவும் எழுதவும் யூசருக்கு அனுமதி வேண்டும். யூசரை 'ஆபரேட்டர்' குரூப்பில் சேர்த்துவிடு என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தக் குரூப் பேக்கப் எடுப்பவர்களுக்கானது, அதில் இருப்பவர்கள் கணினிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்கை நேரடியாகவே படிக்கலாம், அதாவது மற்றவர்களின் கோப்புகளுக்கு நீங்கள் போட்ட பர்மிஷன் எதுவும் அவர்களைத் தடுக்காது. கணினியை ஷட்டவுன் செய்யவும் முடியும். பதிலாக 'யூஎஸ்பி' என்று புதுக் குரூப் ஒன்றை உருவாக்கி, யூசர்களை அதில் சேர்த்து, டெவ்எஃப்எஸ் (டிவைஸ் கோப்புகளைக் காட்டும் பகுதி) விதிகளில் பென் டிரைவைப் போல 'டிஏ' என்று தொடங்கும் டிவைஸ்களுக்கு மட்டும் அந்தக் குரூப்பையும் 660 பர்மிஷனையும் (ஓனரும் குரூப்பும் படிக்க, எழுத) கொடுங்கள். சாட்டா டிஸ்குகளின் பெயர் 'ஏடிஏ' என்று தொடங்குவதால் அவை இதில் சிக்காது, ஆனால் உள்ளே எஸ்ஏஎஸ் (பெரும்பாலும் சர்வர்களில் வரும் வகை) டிஸ்க் இருந்தால் அதுவும் 'டிஏ'தான், பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு கணினியில் ரூட் பெயரில் செட்யூஐடி ஷெல் (யார் இயக்கினாலும் ரூட் அதிகாரத்தோடு ஓடும் ஷெல்) ஒன்றைப் பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்தால்? யூசர் மவுண்ட் செய்யும்போது செட்யூஐடியைச் செல்லாமல் ஆக்கும் நோசூயிட் ஆப்ஷனைக் கர்னலே சேர்த்துவிடும், அந்த ஷெல்லுக்கு ரூட் அதிகாரம் வராது. ஆனால் வேண்டுமென்றே கெடுத்துவைத்த ஃபைல்சிஸ்டத்தைப் படிப்பதும் அதே கர்னல்தான், அதில் பிழை இருந்தால் கணினியே சிக்கிவிடலாம். இதே குடும்பத்து இயங்குதளமான ஓபன்பிஎஸ்டி 2016இல் வந்த 6.0 பதிப்பில் யூசர்மவுண்டையே நீக்கிவிட்டது. எனக்கு அந்த முடிவில் நியாயம் தெரிகிறது, முன்பின் தெரியாதவர்கள் வந்துபோகும் லேப் கணினியில் நானும் இதைத் திறந்துவிட மாட்டேன். வீட்டில் மட்டும் திறந்து வைத்திருக்கிறேன்.

மவுண்ட் செய்தவரே ரூட் இல்லாமல் அன்மவுண்டும் செய்யலாம், டிரைவைப் பிடுங்குவதற்கு முன் அன்மவுண்ட் செய்ய வேண்டும் என்பதை மட்டும் வீட்டிலுள்ள எல்லாருக்கும் சொல்லிக்கொடுங்கள்.