குவேக்கர் கிராமத்து டாக்டரின் வம்சாவளியைத் தேடுதல்: செஸ்டர் கவுண்டி ஏடுகளில் வேலை செய்த அனுபவம்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், செஸ்டர் கவுண்டியில், 19ஆம் நூற்றாண்டில் குதிரையேறிப் போய் வைத்தியம் பார்த்த ஒரு குவேக்கர் டாக்டரின் குடும்பத்தைத் தேடப் புறப்படுபவர்கள் பெரும்பாலும் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும் என்று தேடுகிறார்கள். ‘நண்பர்கள் சங்கம்’ என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குவேக்கர்கள் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. அரசுப் பதிவு இருக்கும் என்று தேடுகிறார்கள்; பென்சில்வேனியா மாநிலம் முழுவதும் பிறப்பு இறப்பைப் பதியத் தொடங்கியது 1906இல்தான். கல்லறைக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால், பெயர் பொறித்த கல் நடுவதை ஆடம்பரம் என்று வெகுகாலம் ஒதுக்கிவைத்த மக்கள் அவர்கள். பழைய இடுகாடுகளில் புல்வெளிதான் இருக்கும்.

ஆனால் அவர்கள் தங்களைப் பற்றி எழுதிவைத்தது கொஞ்சநஞ்சமல்ல. அந்த எழுத்தெல்லாம் மாதக் கூட்டத்தின் ஏடுகளில் இருக்கிறது. குவேக்கர்கள் தங்கள் சபையைக் ‘கூட்டம்’ என்றே சொல்வார்கள்; ஆண்டுக் கூட்டம், காலாண்டுக் கூட்டம், மாதக் கூட்டம் என்று அடுக்கடுக்காக அமைப்பு உண்டு. உறுப்பினர் பட்டியல், திருமண அனுமதி, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் மாதக் கூட்டத்தின் பொறுப்பு. ஆகவே டாக்டரின் பெயரைத் தேடுவதற்கு முன்னால் அவர் எந்த மாதக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று கண்டுபிடியுங்கள். அதுவும் ஆண்டுவாரியாக. நியூ கார்டன் கூட்டம் 1718இல் நியூவார்க் கூட்டத்திலிருந்து பிரிந்தது (நியூவார்க்தான் பின்னாளில் கென்னட் என்று ஆனது). லண்டன் குரோவ் கூட்டம் 1792இல் நியூ கார்டனிலிருந்து பிரிந்தது. ஒரே பண்ணையில் மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பத்துக்கு மூன்று கூட்டங்களின் ஏடுகளைப் புரட்ட வேண்டியிருக்கும். யாரும் வீடு மாறியே இருக்க மாட்டார்கள். கவுண்டி எல்லையும் இப்படித்தான். 1729இல் லங்காஸ்டரும் 1789இல் டெலவேரும் செஸ்டரிலிருந்து பிரிந்தவை. டெலவேர் கவுண்டியில் இன்றைக்கு இருக்கும் பண்ணையின் உரிமையாளர் 1780இல் எழுதிய உயில் வெஸ்ட் செஸ்டரில் உள்ள செஸ்டர் கவுண்டி ஆவணக் காப்பகத்தில்தான் கிடைக்கும்.

கூட்ட ஏடுகளின் மூலங்கள் பெரும்பாலும் இரண்டு கல்லூரிகளில் இருக்கின்றன: ஸ்வார்த்மோர் கல்லூரியின் நண்பர்கள் வரலாற்று நூலகம், ஹேவர்ஃபோர்ட் கல்லூரியின் குவேக்கர் தொகுப்பு. இவற்றின் படிமங்கள் ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளி இணையதளத்தில் 1681 முதல் 1935 வரை என்ற தலைப்பாண்டுகளோடு கிடைக்கின்றன. தேடுபெட்டியில் பெயரைத் தட்டிவிட்டு ‘இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். அட்டவணை போட்டவர்கள் பிறப்பு, இறப்புப் பக்கங்களை ஓரளவு நன்றாகவே எடுத்திருக்கிறார்கள். கூட்டக் குறிப்பேடுகளில் ஒரு பத்திக்குள் ஒளிந்திருக்கும் பெயர்கள் நிறைய விட்டுப்போயிருக்கின்றன. கூட்டத்தையும் ஆண்டையும் தேர்ந்தெடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே பலன் தரும். ஆண்கள் கூட்டத்துக்கு ஒரு குறிப்பேடு, பெண்கள் கூட்டத்துக்கு இன்னொன்று. டாக்டரின் தாய், மனைவி, சகோதரிகள் வருவது இரண்டாவதில். பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பாதிக் குடும்பத்தை இழப்பது அங்கேதான்.

ஹின்ஷா தொகுத்த அமெரிக்கக் குவேக்கர் வம்சாவளிக் கலைக்களஞ்சியத்தைப் பற்றி ஒரு சொல். அருமையான உழைப்பு. ஆனால் அதன் இரண்டாம் தொகுதி பிலடெல்பியா, ஃபால்ஸ், பர்லிங்டன், சேலம் ஆகிய நான்கு கூட்டங்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. செஸ்டர் கவுண்டிக் கூட்டங்கள் அதில் இல்லை. அங்கே பெயர் இல்லை என்பதால் அந்தக் குடும்பம் குவேக்கரே இல்லை என்று எழுதிவைத்த வம்சாவளிகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

அடுத்து தேதி. குவேக்கர்கள் கிழமைக்கும் மாதத்துக்கும் பெயர் சொல்வதைத் தவிர்த்து எண்ணிட்டே எழுதினார்கள். 1752 முதல் ஜனவரிதான் முதல் மாதம்; சிக்கல் இல்லை. அதற்கு முன் மார்ச் முதல் மாதம், புத்தாண்டு மார்ச் 25. எனவே 1741இல் ‘3ஆம் மாதம்’ என்றால் மே. ‘12ஆம் மாதம் 1740’ என்றால் நம் கணக்கில் பிப்ரவரி 1741. டாக்டருக்கு இது பொருந்தாது, அவருடைய தாத்தாவுக்குப் பொருந்தும். வம்சாவளி மென்பொருள்கள் ‘3’ என்பதைக் கேட்காமலே மார்ச் ஆக்கிவிடும். அதனால் தாய் இறந்த பிறகு பிள்ளை பிறந்ததாகவும், திருமணத்துக்கு முன் தலைப்பிள்ளை பிறந்ததாகவும் விபரீதமான மரங்கள் உலவுகின்றன. மூலத்தில் இருப்பதை அப்படியே எழுதிக்கொண்டு, மாற்றிய தேதியைத் தனியாகப் பக்கத்தில் குறியுங்கள்.

பிறப்புப் பதிவு ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம் என்று இருக்கும்: மேலே பெற்றோர், கீழே பிள்ளைகள். எல்லாப் பெயரும் ஒரே கையெழுத்தில் ஒரே மையில் இருந்தால், ஒரே சமயத்தில் எழுதியது என்று பொருள். அந்தக் குடும்பம் வேறு ஊரிலிருந்து வந்தபோது மூத்த பிள்ளைகளையும் சேர்த்து எழுதியிருக்கலாம். பக்கத்தில் பெயர் இருப்பதால் அங்கேதான் பிறந்தார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிறந்த இடத்தை இடமாற்றச் சான்றிதழ்தான் காட்டிக்கொடுக்கும்.

அந்தச் சான்றிதழ்களே இந்தத் தேடலின் முதுகெலும்பு. ஓர் உறுப்பினர் வேறு கூட்டத்தின் எல்லைக்குள் குடிபோனால், பழைய கூட்டம் விசாரித்து, கடனில்லை, திருமண ஒப்பந்தம் எதுவும் நிலுவையில் இல்லை என்று எழுதிக் கொடுக்கும். புதிய கூட்டம் அதைப் பெற்றுக்கொண்டதாகக் குறிக்கும். இரண்டு பதிவையும் தேடுங்கள்; இடையில் சில மாதங்கள் இருப்பது சாதாரணம். கொடுத்த பதிவு இருந்து பெற்ற பதிவு இல்லையென்றால், ஆள் நடுவழியில் மனம் மாறியிருப்பார், அல்லது ஒஹாயோ, இந்தியானா பக்கம் போயிருப்பார். அந்தக் காலத்தில் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக மேற்கே போயின. ஒருவரைக் காணவில்லையென்றால் அதே மாதம் சான்றிதழ் வாங்கிய அக்கம்பக்கத்தார் எங்கே போனார்கள் என்று பாருங்கள்.

திருமணச் சான்றிதழ் ஒரு பொக்கிஷம். மணமக்களின் பெற்றோர் பெயர், ஊர், பெற்றோரில் இறந்தவர் யார் என்பதெல்லாம் அதில் வரும். வந்திருந்த அத்தனை பேரும் கையெழுத்திடுவார்கள். மணமகள் கணவரின் குடும்பப் பெயரோடு கையெழுத்திடுவாள். மணமக்களின் கையெழுத்துக்குக் கீழே வலப்பக்க வரிசையில் நெருங்கிய உறவினர்கள் வருவது வழக்கம்; மற்ற வரிசைகளில் ஊரார். மணமாகி வேறு குடும்பப் பெயருக்குப் போன அத்தைகளும் சகோதரிகளும் அந்த வலப்பக்க வரிசையில்தான் அகப்படுவார்கள். உறவு என்னவென்று எழுதியிருக்காது. உயில்களோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

குவேக்கர் அல்லாதவரைப் பாதிரியாரோ நீதிபதியோ முன்னிலையில் மணந்தவர்களுக்கு இந்தச் சான்றிதழ் இருக்காது. அவர்களுக்கு உறுப்பினர் நிலையிலிருந்து நீக்கும் தீர்மானம் இருக்கும். முதலில் புகார், பிறகு இருவர் போய்ப் பேசுவது, பிறகு அவர் தவற்றை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுப்பது அல்லது நீக்கம் என்று மாதக்கணக்கில் நடக்கும். கடைசித் தீர்மானத்தை மட்டும் படித்தால் மனைவியின் பெயர்கூடக் கிடைக்காமல் போகலாம். அப்போது வெஸ்ட் செஸ்டரின் ‘வில்லேஜ் ரெக்கார்ட்’ பத்திரிகையின் திருமண அறிவிப்புகளைப் பாருங்கள். நீக்கப்பட்டவர் வழிபாட்டுக்கு வருவதை யாரும் தடுப்பதில்லை, கூட்டத்தின் இடுகாட்டில் அடக்கம் செய்வதும் உண்டு. அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார் என்பது அவர் உறுப்பினராக இறந்தார் என்பதற்குச் சான்றாகாது.

19ஆம் நூற்றாண்டு டாக்டருக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது 1827. எலியஸ் ஹிக்ஸ் என்ற குவேக்கர் போதகரின் போதனையை ஒட்டி எழுந்த பிணக்கில் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் ஹிக்சைட், ஆர்த்தடாக்ஸ் என்று இரண்டாக உடைந்தது. அடுத்த ஆண்டு நியூயார்க், பால்டிமோர், ஒஹாயோ, இந்தியானா கூட்டங்களும் உடைந்தன. அதற்குப் பிறகு ஒரே ஊரில், ஒரே பெயரில், இரண்டு மாதக் கூட்டங்கள். பழைய ஏடு ஒரு தரப்பிடம் தங்கியது. மறு தரப்பு புதிதாகப் பிரதி எடுத்தது. பிரதி எடுக்கையில் தேதிகள் பிசகியிருப்பதால் இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஆர்த்தடாக்ஸ் குறிப்பேட்டில் 1828, 1829 வாக்கில் ஒரு டாக்டர் நீக்கப்பட்டதாகப் பார்த்தால் அவர் ஏதோ குற்றம் செய்தார் என்று எழுதிவிடாதீர்கள். பெரும்பாலும் ஹிக்சைட் கூட்டத்துக்குப் போயிருப்பார், அவ்வளவுதான். ஊரில் பாதிப் பேர் அதே காரணத்துக்காக அதே ஏட்டில் நீக்கப்பட்டிருப்பார்கள். அவருடைய வாழ்க்கையின் மீதிப் பதிவுகள் ஹிக்சைட் ஏடுகளில் தொடரும். இறப்புச் செய்தியும் தரப்பைப் பொறுத்தது: ஹிக்சைட் என்றால் 1844இல் தொடங்கிய ‘ஃபிரெண்ட்ஸ் இன்டெலிஜென்சர்’, ஆர்த்தடாக்ஸ் என்றால் 1827இல் தொடங்கிய ‘தி ஃபிரெண்ட்’. அடிமை ஒழிப்பில் தீவிரமாக இருந்தவர் என்றால் 1853இல் உருவாகிப் பின்னர் லாங்வுட்டில் கூடிய முற்போக்கு நண்பர்கள் கூட்டத்தையும் பாருங்கள். கென்னட் ஏடுகளிலிருந்து காணாமல் போனவர்கள் சிலர் அங்கே இருக்கிறார்கள்.

மருத்துவப் படிப்பின் தடம் தனி. கிராமத்து டாக்டர் ஆவதற்கு அன்றைய வழி, மூத்த டாக்டர் ஒருவரிடம் ஏறக்குறைய மூன்று ஆண்டு பழகுவது. வசதியிருந்தால் கல்லூரியில் இரண்டு பருவம் விரிவுரை கேட்பது. இரண்டாம் பருவத்திலும் முதல் பருவத்தின் பாடமே திரும்ப வரும். பட்டம் வாங்காமல் தொழில் செய்தவர்கள் ஏராளம். அதனால் பட்டதாரிகள் பட்டியலோடு நிறுத்தாமல், கல்லூரியில் சேர்ந்தவர்களின் பட்டியலையும் பாருங்கள். அதில் மாணவரின் பெயருக்குப் பக்கத்தில் அவருக்குத் தொழில் கற்றுத்தந்த டாக்டரின் பெயர் இருக்கும். அந்த ஆசான் பல சமயம் மாமாவாகவோ அதே கூட்டத்து உறுப்பினராகவோ இருப்பார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி 1765இலும் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரி 1824இலும் தொடங்கியவை. மாநில எல்லையைத் தாண்டியும் தேடுங்கள்: கென்னட் ஸ்குவேரில் தொழில் பார்த்த பார்த்தலோமியூ ஃபசல் (1794–1871) படித்தது மேரிலாந்தின் பால்டிமோரில். அவர் விஷயத்தில் இன்னொன்றையும் கவனிக்கலாம்: இயற்கை அறிஞர் கிரேஸ்ஆனா லூயிஸ் அவருடைய சகோதரியின் மகள், குடும்பத் தாள்கள் ஸ்வார்த்மோரில் லூயிஸ், ஃபசல் என்று இரண்டு பெயரையும் சேர்த்தே வைக்கப்பட்டிருக்கின்றன. டாக்டரின் கடிதங்கள் சகோதரியின் குடும்பப் பெயரில் இருப்பது சகஜம்.

டாக்டர் பெண்ணாகவும் இருக்கலாம். பிலடெல்பியாவில் குவேக்கர்கள் முன்னின்று 1850இல் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார்கள். செஸ்டர் கவுண்டியின் வெஸ்ட் குரோவைச் சேர்ந்த குவேக்கரான ஆன் பிரெஸ்டன் 1851இல் அதன் முதல் பட்டதாரிகளில் ஒருவர். 1866இல் அதன் முதல்வரானார். அந்தக் கல்லூரியின் ஆவணங்கள் இப்போது டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் உள்ளன.

1881ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தொழில் செய்த ஒவ்வொரு டாக்டரும் கவுண்டி நீதிமன்ற அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. பிறந்த இடம், பட்டம், தொழில் செய்த ஊர்கள் அதில் கிடைக்கும். 1862 முதல் சில ஆண்டுகள் கூட்டாட்சி அரசு டாக்டர்களிடம் 10 டாலர் உரிமக் கட்டணம் வாங்கியது. அந்த வரிப் பட்டியல் அவர் அந்த ஆண்டு எங்கே தொழில் பார்த்தார் என்று காட்டும். மக்கள்தொகைக் கணக்கில் வீட்டில் உள்ள எல்லோர் பெயரும் வருவது 1850 முதல், உறவுமுறை வருவது 1880 முதல். 1890 கணக்கு ஏறக்குறைய முழுதும் அழிந்துபோயிற்று.

அதற்கு முந்தைய காலத்துக்குச் செஸ்டர் கவுண்டியின் வரிப் பட்டியலைவிட நல்ல துணை இல்லை. 21 வயது நிரம்பிய, மணமாகாத ஆண்களை அதில் தனியாக எழுதினார்கள். ஒரு பெயர் அந்தத் தனிப் பட்டியலில் முதன்முதலாகத் தோன்றும் ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கணிக்கலாம். அங்கிருந்து பொதுப் பட்டியலுக்கு மாறும் ஆண்டில் பெரும்பாலும் திருமணம் நடந்திருக்கும். நீக்கப்பட்டதால் கூட்ட ஏட்டில் தேதி கிடைக்காதவர்களுக்கு இது கைகொடுக்கிறது.

டாக்டரின் கணக்கேடு கிடைத்தால் விடாதீர்கள். யார் வீட்டுக்குப் போனார், பல் பிடுங்கினாரா, பிரசவம் பார்த்தாரா, பணமாக வந்ததா, ஓட்ஸாகவோ விறகாகவோ வந்ததா என்று நாள்வாரியாக இருக்கும். அரசுப் பதிவு இல்லாத காலத்தில் அந்தப் பிரசவ வரி ஊரார் பலருக்குப் பிறப்புச் சான்று. டாக்டருடைய சொந்தக் குடும்பத்துக்கு அவர் பில் எழுதியிருக்க மாட்டார் என்பதால், அவர்களுடைய பிறப்பை அதில் தேடிப் பயனில்லை. அவர் இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியலில் மருந்துகள், சேணப் பைகள், புத்தகங்கள், வராத கடன்கள் வரிசையாக வரும். உயில் எழுதாமல் இறந்து நிலத்தைப் பிரிக்க நேர்ந்திருந்தால் இறந்தவர்களின் சொத்தைக் கவனித்த ஆர்ஃபன்ஸ் கோர்ட் என்ற நீதிமன்றத்தின் கோப்பில் அத்தனை வாரிசுகளும், மகள்களின் கணவர்களும் பெயரோடு இருப்பார்கள். உயிலை நிறைவேற்றுபவர் சத்தியம் செய்தாரா, உறுதிமொழி மட்டும் தந்தாரா என்று குமாஸ்தா குறித்திருப்பதையும் பாருங்கள். குவேக்கர்கள் சத்தியம் செய்ய மாட்டார்கள்.

கடைசியாகக் கடலுக்கு அப்பால். நியூ கார்டன் என்ற பெயரே அயர்லாந்தின் கார்லோ கவுண்டியிலிருந்து வந்தது. அந்தப் பகுதியில் ஐரிஷ் குவேக்கர்கள் அதிகம். குடிவந்தவர் பென்சில்வேனியாக் கூட்டத்தில் முதலில் கொடுத்த சான்றிதழில் அயர்லாந்துக் கூட்டத்தின் பெயர் இருந்தால், டப்ளினில் உள்ள நண்பர்கள் வரலாற்று நூலகத்தின் பதிவேடுகளுக்கு நேராகப் போகலாம். 1922இல் டப்ளின் பொது ஆவணக் காப்பகம் எரிந்தபோது ஏராளமான ஐரிஷ் ஆவணங்கள் அழிந்தன. குவேக்கர் ஏடுகளைச் சங்கமே தன்னிடம் வைத்திருந்ததால் அவை தப்பின. இங்கிலாந்துக் கூட்டமென்றால் 1840இல் அரசிடம் ஒப்படைத்த பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்.ஜி. 6 என்ற வரிசையில் இருக்கின்றன. ஒப்படைக்கும் முன் குவேக்கர்கள் எடுத்துவைத்த சுருக்கப் பட்டியல்கள் லண்டன் நண்பர்கள் இல்ல நூலகத்தில் உண்டு. தேடுவதற்குச் சுருக்கம் எளிது. ஆனால் திருமணச் சாட்சிகளின் பெயர்களை அதில் விட்டுவிட்டார்கள். ஆளைக் கண்டுபிடித்ததும் மூலப் பதிவையும் எடுத்துப் பாருங்கள்.