மணல் போகும் திசை

தரங்கம்பாடிக் கரையில் இன்று காலை மணல் இடுப்பளவு உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டுப்பட்டு நின்றது.

வெட்டுமுகத்தில் வெளிர்மணலும் கருமணலும் மாறி மாறிப் படிந்திருந்தன. மேலே படர்ந்திருந்த அடும்பங்கொடியின் வேர்கள் பிடிமானமின்றிக் காற்றில் தொங்கின.

கருமணல் என்பது இல்மனைட், கார்னெட் போன்ற எடை மிகுந்த கனிமங்கள். இலேசான மணலை அலை இழுத்துச் சென்றபின் எஞ்சுவது இதுவே என்பதால், ஒவ்வொரு கரும்பட்டையும் பெரும்பாலும் கடல் சீறிய ஒரு காலத்தின் பதிவு.

தென்மேற்குப் பருவக்காற்றின்போது அலைகள் மணலை வடக்கேயும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கேயும் நகர்த்துகின்றன. சோழமண்டலக் கரையின் பெரும்பகுதியில், ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் வடக்கே போவதே மிகுதி. அதனால்தான் கடலுக்குள் நீளும் கல்தடுப்பின் தென்புறத்தில் மணல் சேர, வடபுறம் அரிபடுகிறது.

இந்த மணலுக்குக் காவிரியின் வரவும் ஒரு காலத்தில் தாராளமாக இருந்தது. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் வண்டலில் பெரும்பங்கு அங்கேயே தங்கிவிட, கடைமடைக்கு வரும் நீர் மணலைக் கடல்வரை சுமக்கும் வேகத்தையும் இழந்தது. மிச்சத்தை லாரிகள் அள்ளிய கதையை டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதே தரங்கம்பாடிக் கரையிலுள்ள மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோனபின் கற்களைக் கொட்டி எஞ்சியதைக் காத்தார்கள். அது தேவையான வேலைதான்.

ஆனால் அடுத்த தடுப்புக்கு வரைபடம் போடுபவர்கள், வடக்கே உள்ள ஊரார் படகேற்றும் மணல்திட்டையும் அதே தாளில் வரைந்து பார்க்க வேண்டும்.