நான்கு எழுத்துக்கு நான்கு கோடு

"எண்ணித்தான் போட்டேன் அண்ணா, நாலு எழுத்துக்கு நாலு கோடு" என்று, கையேட்டில் தான் எழுதிய தலைப்பின் அடிக்கோட்டைப் பற்றி, எடைமேடையில் வேலை பார்க்கும் அவர் சொன்னபோது, "விதியைப் படிச்சிட்டு வாங்க தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டு மாம்பழப் பருவங்கள் கடந்த பிறகும் அந்தப் பதில் என்னை உறுத்துகிறது.

கிருஷ்ணகிரி மாங்கூழ் தொழிற்சாலைகளின் எடைமேடை மென்பொருளுக்கான கையேட்டை ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் முறையில், அதாவது எளிய உரையிலேயே குறிகளை இட்டுத் தலைப்பு, தடித்த எழுத்து போன்றவற்றைக் காட்டும் முறையில், எழுத வேண்டும் என்று முடிவு செய்தவன் நான். அதே வகையில் 2004இல் வந்த மார்க்டவுனை ஒவ்வொரு கருவியும் தன் போக்கில் விரித்துக்கொண்டது. 2014இல் காமன்மார்க் என்னும் பொதுத் தரம் வந்து இலக்கணத்தை வரையறுத்த பிறகும், எச்சரிக்கைப் பெட்டிக்கென்று அதில் ஒரு குறி இல்லை. லாரியின் காலி எடை பதியாமல் சீட்டை முடித்தால் விவசாயியின் பணம் தவறிப்போகும் இடத்தில், அந்தப் பெட்டி எனக்குக் கட்டாயம் வேண்டும். இதில் இன்றும் நான் மாறவில்லை.

ஆனால் இந்த முறையில் தலைப்பின் கீழே அதன் நீளத்துக்குக் குறையாமல் அடிக்கோடு இட வேண்டும். அவர் எழுதிய தலைப்பு 'எடைமேடை'. பள்ளியில் கற்றபடி எண்ணினால் எ, டை, மே, டை என நான்கு. கோப்பைப் பக்கமாக மாற்றும் கருவியோ துணைக்குறிகளையும் தனித்தனியாக எண்ணி ஏழு என்று கொண்டு, அடிக்கோடு போதவில்லை என்று எச்சரித்தது. இதை நான் அறிந்துகொண்டது, அவர் போன பிறகு நானே சோதித்துப் பார்த்தபோதுதான். தடித்த எழுத்தில் இட்ட சொல்லோடு வேற்றுமை உருபை ஒட்டி எழுதியதும் அவர் பிழையாகவே திரும்பியது. இரண்டுக்கும் நடுவே ஒரு பின்சாய்கோடு (\) இடச் சொன்னேன். உருபு சொல்லோடு ஒட்டுவது நம் மொழியின் இயல்பு. தடித்த எழுத்துக்கு மார்க்டவுனில் இடும் உடுக்குறி (*) அதை ஏற்றுக்கொள்கிறது என்பதை நான் முடிவெடுக்கும்போது சோதிக்கவே இல்லை. ஆங்கில வாக்கியங்களை வைத்துத்தான் சோதித்திருந்தேன்.

கண்ணை மட்டும் நம்ப முடியாது என்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மார்க்டவுனில் வரியை முறிக்க வரியின் இறுதியில் இடும் இரண்டு வெற்றிடங்கள் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அங்கேயும் அவர் தடுமாறியிருக்கலாம். ஆனாலும் எளிய உரையில் குறியிடுவதன் பயனே, எழுதுகிறவர் பார்த்ததும் புரிந்துகொள்ள முடிவதுதான் அல்லவா? எடைமேடையில் லாரிக்காரரோடும் விவசாயியோடும் நின்று பேசுகிறவர் அவர். எந்த வரி குழப்புகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

அன்றைக்குப் பிறகு அவர் கோப்பைத் தொடவில்லை. மரியாதை குறையாமல், திருத்தங்களை வாட்ஸாப்பில் எனக்கு அனுப்புகிறார். விதியைச் சொன்னது தவறில்லை, சொன்ன விதம்தான் தவறு என்று சில நாள் ஆறுதல் கொள்கிறேன்; அந்த விதியே தமிழுக்குப் பொருந்துகிறதா என்று பாராமல் தேர்ந்ததுதான் தவறு என்று வேறு சில நாள் தோன்றுகிறது. சென்ற வாரமும் ஒன்று வந்தது: "காலி எடை பத்தின வரியை மேலே கொண்டு போங்க அண்ணா, யாரும் கீழே வரைக்கும் படிக்கறதில்லை." மாற்றினேன். புதிய தலைப்பின் கீழே, கருவி கேட்ட அளவுக்குக் கோடுகளை நானே இட்டேன்.