சில்கோசா பருவம்: பைன் கொட்டை நாட்குறிப்பு

செப்டம்பர் 28

கின்னௌரில் சில்கோசா பறிக்கும் பருவம் இது. இமாசலப் பிரதேசத்தில் சட்லெஜ் ஆற்றை ஒட்டிய வறண்ட சரிவுகளில், ஏறக்குறைய 1,800 முதல் 3,300 மீட்டர் உயரத்தில் வளரும் பைனஸ் ஜெரார்டியானா மரத்தின் விதைதான் நம் கடைகளில் சில்கோசா என்று விற்கும் பைன் கொட்டை. கின்னௌரில் நியோசா என்பார்கள். ஆப்கானிஸ்தானின் கோஸ்ட், பாக்டியா மாகாணங்களிலும் பாகிஸ்தானின் சுலைமான் மலையிலும் இதே மரம் உண்டு.

விதை இருப்பது செதில் செதிலான கூம்புக்குள். கூம்பு பச்சையாக இருக்கும்போதே பறித்துவிடுவார்கள். மரத்திலேயே விட்டால் செதில் விரிந்து விதையெல்லாம் சரிவில் சிதறிவிடும். பறித்ததைக் குவித்து, வெயிலில் காயவைத்து, செதில் பிளந்ததும் தட்டி உதிர்க்கிறார்கள். கையில் ஒட்டும் பிசின் தண்ணீருக்கு அசையாது. எண்ணெய் தேய்த்தால்தான் போகும்.

கூம்பு முற்ற இரண்டு பருவம் ஆகும். அதனால் முற்றிய கூம்பு இருக்கும் கிளையிலேயே அடுத்த ஆண்டுக்கான பிஞ்சும் இருக்கும். அவசரத்தில் கிளையை ஒடித்தால் அடுத்த ஆண்டு விளைச்சலும் சேர்ந்து போய்விடும். விதை முழுவதையும் வழித்தெடுத்துவிட்டால் காட்டில் புதுக்கன்று எழ வழியில்லை. அழிவை நெருங்கும் நிலையில் உள்ள மரங்களின் பட்டியலில் இதுவும் இருக்கிறது. மரத்துக்குச் சில கூம்புகளையாவது விட்டுவைப்பது தவிர்க்கவே முடியாத வேலை.

அக்டோபர் 3

வாங்கும்போது பார்க்க வேண்டியவை. ஓட்டோடு இருக்கும் சில்கோசா சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளம், ஒல்லியான உடல், கரும்பழுப்பு நிறம். கையில் அள்ளிக் குலுக்குங்கள். கலகலவென்று ஓசை வந்தால் பருப்பு வற்றிச் சுருங்கியிருக்கிறது, அது பழைய சரக்கு. ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டால் பொக்கு மிதக்கும். நாலைந்தை உடைத்துப் பார்க்காமல் கிலோ கணக்கில் வாங்காதீர்கள். விலை கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் போகிற பொருள்.

உரித்த பருப்பில் எந்த நாட்டு இனம் என்று கண்டுபிடிப்பதே பெரிய வேலை. மத்தியதரைக் கடல் பகுதியின் பைனஸ் பினியா நீண்டு, ஒரே சீராக, தந்த நிறத்தில் இருக்கும். சீனா, கொரியா, ரஷ்யாவிலிருந்து வரும் கொரியப் பைன் முக்கோணமாக, கண்ணீர்த்துளி வடிவில், நுனியில் கறுத்த முனையோடு இருக்கும். சிறுத்து, உருண்டு, மங்கலாக இருப்பவை கலந்திருந்தால் சந்தேகப்படுங்கள். பைனஸ் ஆர்மண்டி என்ற சீன இனமாக இருக்கலாம். அதன் சங்கதியைத் தனியாக எழுத வேண்டும்.

அக்டோபர் 8

சத்துக் கணக்கு. உலர்ந்த பருப்பு 100 கிராமில் 673 கலோரி, கொழுப்பு 68 கிராம், புரதம் 13.7 கிராம், நார்ச்சத்து 3.7 கிராம். ஆனால் யாரும் 100 கிராம் சாப்பிடுவதில்லை. ஒரு நாளைக்கு நாங்கள் சொல்லும் அளவு 15 கிராம், குவித்த ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதல். அதில் சுமார் 100 கலோரி, புரதம் 2 கிராம், மெக்னீசியம் 38 மில்லிகிராம், துத்தநாகம் 1 மில்லிகிராம், வைட்டமின் ஈ 1.4 மில்லிகிராம் கிடைக்கும். மாங்கனீஸ்தான் தாராளம்: 1.3 மில்லிகிராம், ஆண்களுக்கு நாளொன்றுக்குத் தேவையானதில் பாதிக்கும் மேல்.

ரத்தசோகை தீரும் என்று விற்கிறார்கள். 15 கிராமில் இருக்கும் இரும்பு 0.8 மில்லிகிராம்தான், தாவர இரும்பு என்பதால் உடம்பில் சேர்வது அதிலும் கொஞ்சம். புரதத்துக்காக வாங்குவதும் வீண் செலவு. நிலக்கடலையில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 26 கிராம் புரதம் இருக்கிறது. பைன் கொட்டையின் உண்மையான பலம் அதன் எண்ணெய். கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுறாதது. நெய், வனஸ்பதி, பொரித்த தின்பண்டம் இவற்றுக்குப் பதிலாக வந்தால் கெட்ட கொழுப்பு குறைய உதவும். அவற்றோடு கூடுதலாகச் சாப்பிட்டால் எடைதான் ஏறும்.

அக்டோபர் 9

பசியை அடக்குமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. கொரியப் பைனில் பினோலெனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் நிறைய உண்டு. அந்த எண்ணெயைச் செறிவூட்டிக் கொடுத்த சிறு ஆய்வுகளில் வயிறு நிறைந்ததைச் சொல்லும் ஹார்மோன்கள் சில மணி நேரம் கூடின. எடை குறைந்தது என்பதற்கு அது சான்றாகாது. பைனஸ் பினியாவில் அந்த அமிலம் ஒரு சதவீதம்கூட இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

அக்டோபர் 15

வறுப்பது. உரித்த பருப்பை எண்ணெய் விடாமல் அடிகனமான வாணலியில், ஒரே அடுக்காகப் பரப்பி, சிறு தீயில் 3 முதல் 4 நிமிடம் கிளறிக்கொண்டே இருங்கள். முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். பிறகு பருப்பின் மேல் மெல்லிய எண்ணெய்ப் பளபளப்பு வரும், ஓரம் பொன்னிறமாகும். அடுத்த அரை நிமிடத்தில் கருகிவிடும். நீங்கள் விரும்பும் நிறத்துக்கு ஒரு படி முன்னதாகவே தட்டில் கொட்டுங்கள். வாணலியிலேயே விட்டால் அடுப்பை அணைத்த பிறகும் சூடு வேலை செய்துகொண்டிருக்கும்.

ஓட்டோடு வறுக்க மணலோ கல்லுப்போ சேர்த்தால் சூடு சீராகப் பரவும். ஒன்றை எடுத்து ஆறவிட்டு அழுத்திப் பாருங்கள். ஓடு நொறுங்கினால் போதும். சூடாக இருக்கும்போது ஓடு வளைந்து கொடுக்கும், உடையாது.

அக்டோபர் 21

கொரியாவின் ஜட்ஜுக் என்ற கஞ்சி, நோயிலிருந்து தேறுபவர்களுக்கும் முதியவர்களுக்கும் நல்லது. பச்சரிசி 200 கிராம், பருப்பு 70 கிராம், தண்ணீர் ஒன்றரை லிட்டர்.

அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவையுங்கள். பருப்பின் நுனியில் சின்னக் குல்லாய்போல ஒட்டியிருக்கும் பழுப்புத் தோலைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். விட்டால் கஞ்சியில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். அரிசியையும் பருப்பையும் தனித்தனியாக, கொஞ்சம் தண்ணீர் விட்டு நைசாக அரைத்து வடிகட்ட வேண்டும். சேர்த்து அரைத்தால் கஞ்சி கெட்டிப்படாமல் நீர்த்துப்போகும். முதலில் அரிசிப்பாலை மீதித் தண்ணீரோடு சிறு தீயில் கிளறுங்கள். கண்ணாடிபோலத் தெளிந்து கெட்டியானதும் பருப்புப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மேலும் ஐந்து நிமிடம் கிளறி இறக்குங்கள். உப்பைப் பாத்திரத்தில் போடாதீர்கள், கிண்ணத்தில் ஊற்றிய பிறகு அவரவர் போட்டுக்கொள்ளட்டும். முன்பே போட்டால் கஞ்சி தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

லெபனானில் கிப்பே என்ற இறைச்சி உருண்டையின் உள்ளே, துருக்கியில் புலாவிலும் இலையிலோ காயிலோ பூரணம் வைத்த தோல்மாவிலும், இத்தாலியின் ஜெனோவாவில் பேசில் இலையை அரைத்த பெஸ்டோ என்ற துவையலில் என்று பயன்பாடு நீளும். பெஸ்டோவுக்கு 60 கிராம் பேசில் இலைக்கு 25 கிராம் பருப்பு போதும்.

அக்டோபர் 30

பைன் கொட்டை கெட்டுப்போவதற்கும் அதன் எண்ணெய்தான் காரணம். 100 கிராம் பருப்பில் உள்ள 68 கிராம் கொழுப்பில் 34 கிராம் பல்நிறைவுறாதது, அதாவது எளிதில் கெடும் வகை. காற்று, வெளிச்சம், சூடு பட்டால் சீக்கிரம் காறிவிடும். ஓடு இருக்கும்வரை பாதுகாப்பு. உரித்துவிட்டால் காற்றுப் புகாத டப்பாவில், ஃப்ரிட்ஜில் ஒன்றிரண்டு மாதம், ஃப்ரீசரில் ஆறு மாதம் வரை வைக்கலாம். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் மூடியைத் திறக்காதீர்கள். அறைச்சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும். உடனே திறந்தால் ஈரக்காற்று பருப்பின் மேல் நீராகப் படியும், அந்த ஈரத்தில்தான் பூஞ்சணம் பிடிக்கும்.

பெயிண்ட்போல ஒரு வாடை, நாக்கின் பின்புறம் காறல், நிறம் மஞ்சளாகி மங்குவது: மூன்றில் ஒன்று இருந்தாலும் எறிந்துவிடுங்கள். வறுத்தால் வாடை மறையும், கெட்டது கெட்டதுதான். பூஞ்சணம் ஒரு பருப்பில் தெரிந்தாலும் பொட்டலம் முழுவதும் குப்பைக்கு.

நவம்பர் 6

ஆர்மண்டி சங்கதி. சாப்பிடும்போது எந்த மாற்றமும் தெரியாது. 12 முதல் 48 மணி நேரம் கழித்து வாயில் கசப்பு, உலோகச் சுவை. காபி, சோறு, தண்ணீர்கூடக் கசக்கும். இரண்டு வாரம், சிலருக்கு நான்கு வாரம்வரை நீடிக்கும். மருத்துவ இதழில் இது பதிவானது 2001-இல், பெல்ஜியத்தில். 2009, 2010 வாக்கில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புகார்கள் குவிந்தபோது பைனஸ் ஆர்மண்டி மேல்தான் சந்தேகம் விழுந்தது. எந்தப் பொருள் இதைச் செய்கிறது என்பது இன்னும் உறுதியாகவில்லை. காறலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. புதிய பருப்பாலும் வரும்.

மருந்து தேவையில்லை, தானே போகும். அந்தப் பொட்டலத்தை மட்டும் மறுபடி தொடாதீர்கள். அண்மையில் பைன் கொட்டை சாப்பிடாமலேயே வாய் கசந்தால் வேறு காரணம் இருக்கும், மருத்துவரைப் பாருங்கள்.

நவம்பர் 8

ஒவ்வாமை அந்த வாய்க்கசப்பைவிட ஆபத்தானது. உதடு வீக்கம், தடிப்பு, மூச்சுத்திணறல் சில நிமிடங்களில் வரலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பொட்டலத்தின் மேல் கட்டாயம் குறிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களின் ஐரோப்பிய ஒன்றியப் பட்டியலில் பைன் கொட்டை இல்லை, அமெரிக்காவில் உண்டு. அதனால் இறக்குமதியான பெஸ்டோ ஜாடியில் தடித்த எழுத்தில் உள்ள ஒவ்வாமைப் பொருள்களை மட்டும் நம்பாமல் பொருள்பட்டியல் முழுவதையும் படியுங்கள். விலை குறைக்க முந்திரி சேர்த்த பெஸ்டோவும் நிறைய உண்டு.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுப் பருப்பாகக் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கும். அரைத்துக் கொடுங்கள்.

நவம்பர் 14

2011-இல் துருக்கியிலிருந்து வந்த பருப்பால் அமெரிக்காவில் 43 பேருக்குச் சால்மொனெல்லா என்ற, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமியின் தொற்று ஏற்பட்டது. உலர்ந்த கொட்டையில் கிருமி சூட்டை நன்றாகத் தாங்கும். நான்கு நிமிட வறுவலை நம்ப முடியாது. கர்ப்பிணிகளும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் கஞ்சி, சூப் என்று ஈரத்தோடு கொதிக்கவைத்ததைச் சாப்பிடட்டும்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள், அதற்கு எதிராக வேலை செய்யும் வைட்டமின் கே பற்றிக் கேட்கிறார்கள். 15 கிராமில் 8 மைக்ரோகிராம்தான், பயம் வேண்டாம். ஆனால் பெஸ்டோவில் வைட்டமின் கே நிறைந்த பேசில் இலையின் கணக்கு வேறு. ஒரு நாள் நிறைய, ஒரு நாள் இல்லை என்று சாப்பிட்டால் ரத்தப் பரிசோதனை அளவு தடுமாறும்.