கோவையிலிருந்து பெங்களூர் அல்சூருக்கு ஒரு பூனைக்குட்டி

மல்லிக்கு ஏழு வயதுதான். பெர்ஷியன். ஓயாமல் தண்ணீர் குடிக்கிறாள், உடம்பு இளைக்கிறது என்று ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகத்திலும் நீர்க்கட்டிகள். பெர்ஷியன் பூனைகளில் பரம்பரையாக வருகிற நோய் இது. தாய் தகப்பன் இருவரில் ஒருவருக்கு இருந்தாலே குட்டிக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவளை வாங்கிய நாளில் இதையெல்லாம் கேட்க எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் கேட்டிருப்பேன்.

அவள் போய் ஒரு வருஷம் கழித்துத்தான் இன்னொரு குட்டிக்கு மனசு வந்தது. அப்படியும் முதல் சறுக்கல் பணத்தில்தான். வடக்கே ஒரு ஊரிலிருந்து ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார், அழகான வெள்ளைக் குட்டி. "இன்னும் ரெண்டு பேர் கேக்கறாங்க" என்றதும் 5,000 ரூபாய் முன்பணம் ஜிபேயில் போட்டுவிட்டேன். மறுநாள் விமானக் கூண்டுக்குக் காப்பீடு என்று 8,500 கேட்டார், குட்டி வந்ததும் திரும்பி வந்துவிடுமாம். அப்போதுதான் உறைத்தது. அந்தப் படத்தைக் கூகுளில் போட்டுத் தேடினேன், வெளிநாட்டுப் பக்கம் ஒன்றில் அதே குட்டி அதே மெத்தையில் உட்கார்ந்திருந்தது. உடனே இணைய மோசடிப் புகார் எண் 1930-க்கு அழைத்துப் பதிந்தேன். பணம் போனது போனதுதான். ஏமாந்தது தெரிந்த நிமிடமே அந்த எண்ணுக்கு அழையுங்கள், பணம் கைமாறிப் போவதற்குள் வங்கி அதை நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. நான் ஒரு நாள் தாமதம்.

அடுத்து ஒருவர் நிஜமாகவே பூனை வளர்ப்பவர். ஆனால் அனுப்பிய தடுப்பூசி அட்டையில் குட்டி பிறந்தது ஜூன் 10, முதல் ஊசி ஜூலை 2. இருபத்திரண்டு நாள் குட்டிக்கா ஊசி? தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி அந்த வயதில் ஊசியை வேலை செய்ய விடாது என்பதால்தான் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போடுகிறார்கள். அட்டையில் மருந்துப் புட்டியிலிருந்து உரித்து ஒட்டிய லேபிளும் இல்லை, மருத்துவரின் பதிவு எண்ணும் இல்லை. ஒன்று பிறந்த தேதி பொய், இல்லையென்றால் ஊசி பொய். விட்டுவிட்டேன்.

மூன்றாவதாகக் கோயம்புத்தூரில் பூனை வளர்க்கும் ஒரு தம்பி. அவரிடம் பேசும்போதே வித்தியாசம் தெரிந்தது. வீடியோ காலில் குட்டி பக்கத்தில் ஒரு கரண்டியை வைக்கச் சொன்னேன், பழைய வீடியோவை ஓட்டுகிறாரா என்று பார்க்கத்தான். சிரித்துக்கொண்டே வைத்தார். "காசெல்லாம் இப்ப வேண்டாங்க்கா, நேர்ல வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றார். தகப்பன் பூனைக்கு அந்தச் சிறுநீரக நோய் இல்லை என்று மரபணுப் பரிசோதனை செய்த தாள் இருந்தது. தாய்க்கு இல்லை.

இங்கேதான் நான் பிடிவாதமாக இருந்தேன். தாய்க்கு மூன்று வயது, பத்து மாதம் தாண்டிய பூனை என்றால் கட்டிகள் ஸ்கேனில் பெரும்பாலும் தெரிந்துவிடும். குட்டிக்கு எடுத்துப் பிரயோசனமில்லை, அந்த வயதில் கண்ணுக்குப் படாமல் போகலாம். "ஸ்கேன் செலவு நான் தர்றேன் தம்பி, அறிக்கை வந்த பிறகு வர்றேன்" என்றேன். கொஞ்சம் யோசித்தார், பிறகு சம்மதித்தார். இரண்டு வாரம் ஆனது. சிறுநீரகங்கள் சுத்தமாக இருந்தன. அந்த அறிக்கையைப் படித்தபோது மல்லியை நினைத்து அழுதேன்.

தாமதமும் நல்லதற்கே. குட்டிக்குப் பன்னிரண்டு வாரம் நிரம்பியிருந்தது. எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கவே கூடாது. பன்னிரண்டு வரை கூட இருந்தால் கடிக்காமல் விளையாடவும் மண் தட்டில் போகவும் தாயிடமே பழகிவிடும்.

தம்பி வீட்டில் உள்ளே நுழைந்ததும் மூத்திர நெடி அடிக்கவில்லை, அதுவே பாதி நிம்மதி. தாய் வந்து காலை உரசியது. குட்டியின் காதைத் திருப்பிப் பார்த்தேன், காபித்தூள் மாதிரி அழுக்கு இருந்தால் பூச்சி. காதுக்குப் பின்னாலும் பாதத்திலும் வட்டமாக முடி கொட்டியிருக்கிறதா என்று தடவினேன், படர்தாமரை நமக்கும் ஒட்டும். ஒரு வாரத்துக்குள் மருத்துவர் நோய் என்று சொன்னால் பணம் திரும்ப என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே பணத்தைக் கொடுத்தேன்.

அவிநாசி, சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகக் காரில் வந்தோம். கிளம்புமுன் தாய் மேல் தேய்த்த துண்டு ஒன்றைக் கூடைக்குள் விரித்தேன், அந்த வாசத்தில் சேலம் வரை தூங்கியது. அங்கே நிறுத்திக் கொஞ்சம் ஊட்டினேன், இவ்வளவு சின்னக் குட்டியை நாளெல்லாம் பட்டினி போடக் கூடாது. தம்பி வீட்டில் தின்ற அதே தீவனத்தையும் அதே மண்ணையும் வாங்கி வந்திருந்தேன்.

வீட்டில் கருப்பன் இருக்கிறான், தெருவில் எடுத்த பூனை. இரண்டு வாரம் குட்டியைத் தனி அறையில் வைத்தேன். பூனைகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் உள்ளே இருந்தால் பெரும்பாலும் பத்து நாளுக்குள் வெளியே தெரிந்துவிடும். கருப்பன் கதவடியிலேயே படுத்துக் கிடந்தான். பதினைந்தாம் நாள் கதவைத் திறந்தேன். முதலில் சீறினான், அப்புறம் அதன் தலையை நக்க ஆரம்பித்தான்.