பள்ளி முடிக்கும்போதே மருத்துவக் கல்லூரி இடம்: அமெரிக்காவின் பி.எஸ்./எம்.டி. விண்ணப்பத்தை நாங்கள் கடந்த விதம்

தமிழ்நாட்டிலிருந்து பேசும் உறவினர்களுக்கு இந்த நடைமுறையை விளக்குவதே எங்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. அங்கே பிளஸ் டூ முடித்து, நீட் எழுதி, கலந்தாய்வில் இடம் கிடைத்துவிட்டால் மாணவர் நேரே எம்.பி.பி.எஸ். வகுப்பில் போய் அமர்கிறார்; பயிற்சி மருத்துவராக இருக்கும் ஓராண்டையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகளில் படிப்பு முடிந்துவிடுகிறது. அமெரிக்காவிலோ பள்ளி முடித்தவர் முதலில் நான்கு ஆண்டுகள் ஏதேனும் ஓர் இளநிலைப் பட்டம் படிக்க வேண்டும். இடையிலேயே எம்கேட் என்னும் நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். அதன் பிறகு இருபது முப்பது மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு எம்.டி. (இங்கே மருத்துவரின் முதல் பட்டமே இதுதான்) கல்லூரிகளில் விண்ணப்பித்தவர்கள் 52,000 பேருக்கு மேல்; சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 23,000 பேர். நல்ல மதிப்பெண் வைத்திருந்தும் இரண்டாம் முறை, மூன்றாம் முறை விண்ணப்பிப்போர் இங்கே ஏராளம்.

இந்த நீண்ட வழியைச் சற்றே சுருக்குவதுதான் பி.எஸ்./எம்.டி. திட்டம். பள்ளியின் கடைசி ஆண்டிலேயே விண்ணப்பித்து, இளநிலைக் கல்லூரியோடு மருத்துவக் கல்லூரி இடத்தையும் சேர்த்தே பெற்றுவிடலாம். எல்லாத் திட்டங்களும் ஒரே வார்ப்பில் இருப்பதில்லை. மிசௌரி பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் சிட்டி வளாகம் 1971 முதல் ஆறே ஆண்டுகளில் இரு பட்டங்களையும் வழங்கி வருகிறது. எங்கள் மாநிலத்தில், டி.சி.என்.ஜே. என்று எல்லோரும் அழைக்கும் நியூ ஜெர்சி கல்லூரியில் மூன்று ஆண்டுகளும் நியூவார்க்கிலுள்ள ரட்கர்ஸ் நியூ ஜெர்சி மருத்துவக் கல்லூரியில் நான்கு ஆண்டுகளுமாக ஏழாண்டுத் திட்டம் இருக்கிறது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் பி.எல்.எம்.இ. திட்டம் எட்டு ஆண்டுகள். அதில் எம்கேட் எழுத வேண்டியதில்லை. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் திட்டத்துக்கு நோக்கமே வேறு: தன் மாநிலத்தின் கிராமப்புறங்களில் மருத்துவர்கள் போதவில்லை என்பதால், அந்த மாநிலத்துப் பிள்ளைகளையே தேர்ந்தெடுத்துப் படிக்க வைக்கிறது. இந்த நோக்க வேறுபாட்டைக் கவனிப்பது முக்கியம் என்பது என் கருத்து. கல்லூரி எதற்காக ஒரு திட்டத்தை நடத்துகிறது என்பது தெரிந்தால்தான், அது எப்படிப்பட்ட மாணவரைத் தேடுகிறது என்பதும் விளங்கும்.

என் மகள் 2023 இலையுதிர் காலத்தில் விண்ணப்பித்து, 2024இல் கல்லூரியில் சேர்ந்தாள். நியூயார்க் மாநிலத்திலுள்ள எட்டாண்டுத் திட்டம் ஒன்றில் இப்போது படிக்கிறாள். அவள் கேட்டுக்கொண்டபடி கல்லூரியின் பெயரை இங்கே எழுதவில்லை.

பட்டியல் போடுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டியது குடியுரிமைத் தகுதியை. பல திட்டங்கள் அமெரிக்கக் குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையும் மட்டுமே ஏற்கின்றன. எச்-1பி விசாவில் வேலை பார்க்கும் பெற்றோரோடு எச்-4இல் இருக்கும் பிள்ளைகள், இங்கேயே மழலையர் பள்ளியில் தொடங்கிப் படித்திருந்தாலும், அந்த வாசலுக்குள் நுழைய முடியாது. வெளிநாட்டு மாணவர்களையும் ஏற்கும் பிரவுன் போன்ற சில இடங்களே அவர்களுக்கு எஞ்சுகின்றன. எங்களுக்கு, மகள் பத்தாம் வகுப்பில் இருந்தபோதே கிரீன் கார்டு வந்துவிட்டது. அவளோடு ஒன்றாகப் பரதநாட்டியம் கற்ற தோழிக்கு வரவில்லை. மகளைவிட அதிக மதிப்பெண் வைத்திருந்த அந்தப் பெண்ணின் பட்டியல் ஒரே மாலையில் இரண்டு கல்லூரிகளாகச் சுருங்கியது. இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசை பத்தாண்டுகளையும் தாண்டி நீள்வதும், 21 வயது நிறைந்ததும் பிள்ளை எச்-4இல் தொடர முடியாமல் போவதும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயங்கள். இதைப் பதினொன்றாம் வகுப்பு முடியும்வரை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதால் சற்று அழுத்தியே எழுதுகிறேன்.

அடுத்தது நிபந்தனைகள். மருத்துவக் கல்லூரி இடம் கையில் இருக்கிறது என்றாலும், அதைத் தக்கவைத்துக்கொள்ள ஒவ்வொரு பருவமும் மாணவர் சிலவற்றை நிறைவேற்றியாக வேண்டும். எக்செல் தாள் ஒன்றில் நாங்கள் கல்லூரிகளை நிரல்படுத்தியபோது, கல்லூரியின் பெயருக்கு அடுத்த பத்தியில் கட்டணத்தை எழுதவில்லை, குறைந்தபட்ச ஜி.பி.ஏ.யை, அதாவது மதிப்பெண் சராசரியை, எழுதினோம். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 3.75 கேட்டது, வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகம் 3.5 கேட்டது. 4.0 அளவுகோலில் இந்தக் கால் புள்ளி வேறுபாடு பள்ளி மாணவிக்கு அற்பமாகத் தெரியும். கரிம வேதியியலில் ஒரே ஒரு ‘சி’ வாங்கியவரைக் கேட்டால் அதன் எடை புரியும். எம்கேட் எழுத வேண்டுமா, எழுதினால் எவ்வளவு பெற வேண்டும் என்பது மூன்றாம் பத்தி. ஹாஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகத்தின், நான்காண்டு இளநிலையும் நான்காண்டு மருத்துவமும் சேர்ந்த திட்டத்தில், எம்கேட் எழுதி வரம்பைத் தாண்டினால்தான் மருத்துவக் கல்லூரிக்குள் போகலாம்.

எக்செல் தாளின் நான்காம் பத்திதான் எங்கள் வீட்டில் அதிக விவாதத்தைக் கிளப்பியது: இளநிலை முடிக்கும் நேரத்தில் வேறு மருத்துவக் கல்லூரிக்கும் விண்ணப்பித்துப் பார்க்க விரும்பினால், ஒதுக்கிய இடம் நிலைக்குமா, போய்விடுமா? சில திட்டங்களில் வெளியே விண்ணப்பித்தாலே இடம் போய்விடும். நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 2018 முதல் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. நாங்கள் நேர்காணல்களுக்கு நடுவே இருந்த 2024 பிப்ரவரியில், ரூத் காட்டஸ்மன் வழங்கிய 100 கோடி டாலர் கொடையால் பிராங்ஸிலுள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியும் கட்டணத்தை ரத்து செய்தது. செய்தியைப் படித்த என் கணவர், “பதினேழு வயதில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, இருபத்தொரு வயதில் இப்படி ஒன்று வந்தால் விட்டுவிட வேண்டுமா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கட்டணமில்லாத கல்லூரிக்கு நாடெங்கிலுமிருந்து எத்தனை பேர் போட்டியிடுவார்கள் என்பதையும் சேர்த்தல்லவா கணக்கிட வேண்டும்! உறுதியான இடத்துக்கு நாம் கொடுக்கும் விலை இந்த விட்டுக்கொடுத்தல்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பள்ளி மதிப்பெண்ணும் எஸ்.ஏ.டி. என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வும் விண்ணப்பத்தைப் படிக்க வைக்கும்; அதற்கு மேல் அவற்றுக்கு வேலை இல்லை. தேர்வுக் குழு துருவிப் பார்ப்பது, மருத்துவப் பணி எப்படி இருக்கும் என்பதை இந்தப் பிள்ளை அருகிலிருந்து பார்த்திருக்கிறதா என்பதையே. மருத்துவரின் பின்னால் நடந்து கவனிக்கும் ஷேடோயிங் வாய்ப்பு பள்ளி மாணவர்களுக்கு எளிதில் அமைவதில்லை. நோயாளியின் தனியுரிமைச் சட்டம், வயது வரம்பு, காசநோய்ப் பரிசோதனை, ஃப்ளூ தடுப்பூசிச் சான்று என்று ஒவ்வொன்றாக வரும். குடும்பத்தில் மருத்துவர் இருக்கும் பிள்ளைகளுக்கு இது ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிறது. கணினித் துறையிலேயே உழலும் எங்களைப் போன்றவர்களுக்கு அப்படி முடிவதில்லை. மகள் ஊரிலிருந்த முதியோர் இல்லத்தில் சனிக்கிழமைதோறும் தன்னார்வலராகச் சேர்ந்தாள். மதிய உணவுத் தட்டுகளைக் கொண்டுபோய் வைப்பது, காது கேட்கும் கருவிக்குப் பேட்டரி மாற்றுவது, சக்கர நாற்காலியைத் தோட்டத்துக்குத் தள்ளிச் செல்வது ஆகியவைதான் வேலை.

அங்கே பார்க்கின்சன் நோயுள்ள முதியவர் ஒருவர் தன் சட்டைப் பொத்தான்களைத் தானேதான் போட்டுக்கொள்வார். விரல்கள் நடுங்கும், பொத்தான் துளையின் விளிம்புவரை போய் நழுவும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். தொடக்கத்தில் மகள் கை நீட்டியபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். பிறகு அவள் அருகில் உட்கார்ந்து, எல்லாப் பொத்தான்களும் ஏறும்வரை பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி அவரிடம் கேட்டுக்கொண்டிருப்பாள். ‘ஏன் மருத்துவம்?’ என்ற கட்டுரையில் அவள் எழுதியது முழுவதும் இதைத்தான்: உதவி செய்யத் தெரிவதும் செய்யாமல் காத்திருக்கத் தெரிவதும் ஒரே வேலையின் இரு பகுதிகள் என்று. ஆய்வகத்தில் ஒரு கோடைக்காலம் செய்த வேலையையும் எழுதும்படி அவளுடைய பள்ளி ஆலோசகர் சொன்னார். அது செயல்பாடுகளின் பட்டியலில் ஒரு வரியாகப் போனது.

விண்ணப்பங்களின் கெடு பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15. பல கல்லூரிகளுக்குப் பொதுவான காமன் ஆப் என்னும் இணைய விண்ணப்பத்தில் பொதுக் கட்டுரை ஒன்று; பிறகு ஒவ்வொரு திட்டத்துக்கும் ஏன் மருத்துவம், ஏன் இந்தத் திட்டம், ஏன் இவ்வளவு சிறு வயதிலேயே இந்த முடிவு என்று தனித்தனிக் கட்டுரைகள். சில இடங்கள் காஸ்பர் என்னும் சூழ்நிலைத் தேர்வையும் கேட்கும். பள்ளியின் பாடங்களுக்கிடையில் இத்தனையையும் எழுத வேண்டியிருப்பதால், ஆகஸ்டில் தொடங்காதவர்கள் அக்டோபரில் தவித்துப்போவார்கள். பிரவுனுக்கு ஒரு நுணுக்கம் உண்டு. முன்கூட்டிய முடிவு என்னும் கட்டுப்படுத்தும் சுற்றில் விண்ணப்பித்து, பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து மருத்துவத் திட்டத்தில் கிடைக்காவிட்டாலும், பிரவுனில் சேர்ந்தே ஆக வேண்டும். அதற்கு மனம் ஒப்பாததால் மகள் வழக்கமான சுற்றிலேயே விண்ணப்பித்தாள்.

ஆயிரக்கணக்கான டாலர் வாங்கிக்கொண்டு வழிகாட்டும் ஆலோசகர்களைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். நாங்கள் யாரையும் அமர்த்தவில்லை. கெடுக்களை நினைவூட்டவும் பயிற்சி நேர்காணல் நடத்தவும் அவர்கள் பயன்படக்கூடும். கட்டுரையில் அவர்களுடைய கை பட்டால் பதினேழு வயதுக் குரல் காணாமல் போய்விடும் என்பது நான் வாசித்துப் பார்த்த சில மாதிரிகளிலேயே தெரிந்தது.

நேர்காணல்கள் ஜனவரி முதல் மார்ச் வரை நடந்தன. சில இடங்களில் இரண்டு பேராசிரியர்கள் அமர்ந்து இயல்பாக உரையாடினார்கள். சில இடங்களில் எம்.எம்.ஐ. என்னும் பல குறுநேர்காணல் முறை இருந்தது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான இந்த முறையில், மாணவர் ஒரு சூழ்நிலையைப் படிக்க ஓரிரு நிமிடங்களும், அதைப் பற்றிப் பேச அதைவிடக் கூடுதலான நேரமும் கொடுத்து, மணி அடித்ததும் அடுத்த அறைக்கு அனுப்பிவிடுவார்கள். கேள்விகளை வெளியில் சொல்வதில்லை என்று கையெழுத்து வாங்கிக்கொள்வதால், வீட்டில் நாங்கள் பயிற்சிக்குப் பயன்படுத்திய ஒன்றை மட்டும் சொல்கிறேன். பாட்டிக்குப் புற்றுநோய், அதை அவரிடம் சொல்லக் கூடாது என்று குடும்பத்தார் மருத்துவரைக் கேட்டுக்கொள்கிறார்கள், மருத்துவர் என்ன செய்ய வேண்டும்?

நோயாளியின் உரிமை என்று இரண்டு வரியில் மகள் முதலில் முடித்துவிட்டாள். அவளுடைய தாத்தாவுக்கு, அதாவது கும்பகோணத்தில் இருந்த என் அப்பாவுக்கு, கடைசிவரை வயிற்றுப்புண் என்றே நாங்கள் எல்லோரும் சொல்லி வந்ததை அப்போது அவளிடம் சொன்னேன். சற்று நேரம் கழித்து, “தாத்தாவுக்குத் தெரிந்துகொள்ள விருப்பம் இருந்ததா என்று யாராவது கேட்டீர்களா அம்மா?” என்றாள். கேட்கவில்லை. மறுநாள் அதே கேள்விக்கு அவள் சொன்ன பதில் மாறியிருந்தது: எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார், யார் மூலம் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை முதலில் பாட்டியிடமே கேட்பேன், குடும்பத்தார் எதற்கு அஞ்சுகிறார்கள் என்பதை அவர்களிடம் தனியாகக் கேட்பேன். தேர்வுக் குழுவுக்குச் சரியான விடையைவிட, எதிரில் இருப்பவரை நினைத்துப் பார்க்கும் பழக்கமே வேண்டியிருக்கிறது. மனப்பாடம் செய்த பதிலை அவர்கள் இரண்டாம் வாக்கியத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

நேர்காணல் நாள் ஒன்றில் பெற்றோரைத் தனி அறையில் உட்கார வைத்து, மருத்துவக் கல்லூரித் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் எங்களோடு பேசினார். வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் தெற்காசியர்கள். நான்கு ஆண்டுகளில் உங்கள் பிள்ளைக்கு மருத்துவம் வேண்டாம் என்று தோன்றினால் என்ன சொல்வீர்கள் என்று அவர் கேட்டதும் அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏழாண்டுத் திட்டங்களைப் பற்றி எனக்கிருந்த தயக்கமும் இதுவே. ஓராண்டுக் கட்டணம் மிச்சம் என்று என் கணவர் அவற்றையே விரும்பினார். கோடை விடுமுறைகளில்கூட வகுப்புகளை நிரப்பி ஓடும் மூன்று ஆண்டுகளில், ஒரு பெண் தன் மனதை மாற்றிக்கொள்ள நேரம் எங்கே இருக்கிறது என்று நான் வாதாடினேன். மகள் என் பக்கம் நின்றதற்குக் காரணம் வேறு: அவளுக்குப் புள்ளியியலை இரண்டாம் முதன்மைப் பாடமாகப் படிக்க வேண்டும்.

மார்ச் இறுதியில் முடிவுகள் வந்தன. பல மறுப்புகள், ஒரு காத்திருப்புப் பட்டியல், ஓர் எட்டாண்டுத் திட்டத்தில் இடம். மருத்துவ இடம் இல்லாமல் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் நல்ல உதவித்தொகையும் கிடைத்தது. வழக்கமாக மே 1க்குள் முடிவைச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு மத்திய அரசின் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும் புதிய ஃபாஃப்சா படிவம் 2023 டிசம்பர் கடைசியில்தான் திறந்தது. அதிலிருந்த தகவல்கள் மார்ச்சில்தான் கல்லூரிகளுக்குப் போகத் தொடங்கின. எனவே நிதியுதவிக் கடிதங்கள் தாமதமாகி, பல கல்லூரிகள் கெடுவைத் தள்ளிவைத்தன. கடிதம் வரும்வரை நாங்கள் ஒரே ஒரு கேள்வியை வைத்து யோசித்தோம்: மருத்துவ இடம் நாளை கைநழுவினாலும் இதே கல்லூரியில் இவள் விருப்பத்தோடு படிப்பாளா? வளாகத்தை மறுபடி போய்ப் பார்த்து, புள்ளியியல் வகுப்பு ஒன்றில் அமர்ந்துவிட்டு வந்தவள், படிப்பேன் என்றாள். இந்தக் கேள்விக்கு இல்லை என்ற விடை வந்திருந்தால், உதவித்தொகையோடு மாநிலப் பல்கலைக்கழகத்தையே எடுத்திருப்போம்.

இப்போது இரண்டாம் ஆண்டு. ஒவ்வொரு பருவ முடிவிலும் மதிப்பெண்கள் மருத்துவக் கல்லூரிக்குப் போகின்றன. ஆண்டுக்கொரு முறை ஆலோசகரைச் சந்தித்துத் தன்னார்வப் பணிகளின் கணக்கைக் காட்ட வேண்டும். அதில் இதுவரை சிக்கல் இல்லை. கணக்குப் போட வேண்டியிருப்பது பணத்தைத்தான். இங்கே மருத்துவம் முடிப்பவர்களில் கடன் வாங்கியவர்களுடைய கடனின் இடைநிலை அளவு (வரிசையில் நடுவிலிருப்பவரின் கடன்) ஏறத்தாழ 2,00,000 டாலர். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி, முழுச் செலவுக்கும் ஈடுகொடுத்து வந்த கிராட் பிளஸ் என்னும் மத்திய அரசுக் கடன், 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்குக் கிடைக்காது. மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்ற வரம்பும் வருகிறது. மகள் மருத்துவக் கல்லூரியில் நுழைவது 2028இல். அவள் சேரவிருக்கும் கல்லூரியில் கட்டணமும் தங்குமிடமும் சேர்ந்தால் அந்த ஆண்டு வரம்பைத் தாண்டுகிறது. மீதியைத் தனியார் வங்கிக் கடனாக வாங்குவதா, வீட்டுக் கடனை மறுசீரமைத்துத் திரட்டுவதா என்று பழைய எக்செல் தாளிலேயே புதிய பத்திகளைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்த ஆண்டு விண்ணப்பிக்கும் பெற்றோர் இந்தக் கணக்கைப் பட்டியல் போடும்போதே போட்டுவிடலாம்.