அயோனியத் தீவுகளுக்கு ஒரு பாய்மரப் பயணம்: திட்டமிடும் நாட்களின் குறிப்புகள்

ஜனவரி 11, 2026, ஞாயிறு

மியூனிக்கில் இருக்கும் அண்ணனுடன் இன்று நெடுநேரம் பேசி, மே மாதக் கடைசியில் கிரேக்கத் தீவுகளுக்கு இடையே ஒரு வாரம் பாய்மரப் படகில் செல்வதென்று முடிவு செய்தோம். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் மே 26 முதல் ஜூன் 5 வரை பள்ளி விடுமுறை. சென்னையிலும் அப்போது கோடை விடுமுறை. படகு வாடகை பெரும்பாலும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை என்பதால், மே 30 முதல் ஜூன் 6 வரை என்று தேதி தானாகவே அமைந்துவிட்டது. அண்ணன், அண்ணி, அவர்கள் மகன், நான், என் கணவர், எங்கள் மகள் என மொத்தம் ஆறு பேர்.

எந்தத் தீவுகள் என்பதில்தான் பேச்சு நீண்டது. அண்ணனுக்கு ஈஜியன் கடலிலுள்ள சிக்லாடிஸ் தீவுகளின் மேல், குறிப்பாக நாக்சோஸ், பாரோஸ், சாண்டொரினி மூன்றின் மேலும், நெடுநாள் ஆசை. நான் மேற்குக் கரையிலுள்ள அயோனியத் தீவுகளுக்காக வாதாடினேன். ஈஜியனில் கோடைக்காலம் முழுவதும் வடக்கிலிருந்து வீசும் மெல்டெமி என்ற காற்று, பால்கன் பகுதியின் உயரழுத்தத்துக்கும் துருக்கியின் மேலுள்ள தாழ்வழுத்தத்துக்கும் இடையில் பிறக்கிறது. அந்தத் தாழ்வழுத்தமோ நம் தென்மேற்குப் பருவக்காற்றை இழுத்து வரும் ஆசியத் தாழ்வழுத்தத்தின் மேற்கு நுனி. கேரளக் கரையில் மழை கொட்டும் அதே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், ஈஜியனில் தெளிந்த நீல வானத்தின் கீழ் காற்றின் வலிமையைக் குறிக்கும் பியூபோர்ட் அளவில் 7 வரை காற்று நாள்கணக்கில் அடிக்கும். மே கடைசியில் அது முழு வேகத்துக்கு வந்திராது என்று அண்ணன் சொன்னது சரிதான். ஆனாலும் அது முன்கூட்டியே எழுந்துவிட்டால், ஒரு வாரப் பயணத்தில் பாதி நாட்கள் துறையிலேயே கழிந்துவிடும். அங்கே தீவுக்குத் தீவு இருபது, இருபத்தைந்து கடல் மைல் திறந்த கடலைக் கடக்க வேண்டும். அண்ணிக்கோ கடல் ஒத்துக்கொள்வதில்லை. படகில் யாருக்குக் கடல் மிகக் கடினமோ அவருக்கு ஏற்ற கடலைத் தேர்ந்தெடுப்பதுதான் முறை என்று நான் சொன்னதும் அண்ணன் சற்று நேரம் பேசாமல் இருந்து, பிறகு சம்மதித்தார்.

ஜனவரி 28, புதன்

கடல் வரைபடம் தபாலில் வந்து சேர்ந்தது. கைப்பேசியில் எல்லாம் கிடைக்கும் காலத்திலும், மேசை முழுவதும் விரித்துப் பார்க்கும் தாளுக்கு ஈடில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அயோனியத் தீவுகளைக் கிரேக்கர்கள் ஏழு தீவுகள் என்றே குறிப்பிடுவார்கள். வடக்கே கோர்ஃபு முதல் தெற்கே வெகுதொலைவில் கிதிரா வரை அவை பரவிக் கிடக்கின்றன. ஒரு வாரத்தில் அத்தனையையும் எண்ணிப் பார்க்கவே கூடாது. லெஃப்கடா, மெகனிசி, கலமோஸ், காஸ்டோஸ், இதாகா, கெஃபலோனியா ஆகிய தீவுகளும் எதிரே நிற்கும் கிரேக்க நிலப்பகுதியும் சூழ்ந்த உள்கடல் ஒன்றே எங்களுக்குப் போதும். சுற்றிலும் மலைகள் எழுந்து நிற்பதால் பெருங்கடலின் அலை உள்ளே வருவது குறைவு. கிரேக்க நிலப்பகுதியின் மலைத்தொடர் மெல்டெமியையும் பெருமளவு தடுத்துவிடுகிறது. இங்கே நல்ல பருவத்தில் காலை வேளை அசைவற்று இருக்கும். நண்பகலுக்குப் பிறகு வடமேற்கிலிருந்து மாயிஸ்ட்ரோ என்னும் காற்று எழுந்து, பெரும்பாலும் பியூபோர்ட் அளவில் 3 முதல் 5 வரை வீசி, பொழுது சாய்ந்ததும் அடங்கிவிடும். காலையில் நீச்சல், மதியம் பாய், மாலையில் துறை என்று அன்றாடப் பொழுதை அந்தக் காற்றே வகுத்துத் தருகிறது.

பிப்ரவரி 11, புதன்

உரிமம் பற்றிய கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டது. கிரேக்கத்தில் மாலுமி இல்லாமல் படகை வாடகைக்கு எடுக்க, தலைவராகச் செல்பவரிடம் அங்கீகரிக்கப்பட்ட உரிமம் இருக்க வேண்டும். படகு ஓட்டத் தெரிந்த இன்னொருவரும் உடன் இருக்க வேண்டும். அண்ணனிடம் ஜெர்மானியக் கடற்படகு உரிமம் இருக்கிறது. இரண்டாமவராக நான் அனுபவ உறுதிமொழியில் கையெழுத்திடுவேன். சென்னைத் துறைமுகத்துக்குள், 1911இல் தொடங்கப்பட்ட ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பின் சிறு படகுகளில் காற்றைப் படிக்கக் கற்றவள் நான். ஆனால் 12 மீட்டர் நீளமுள்ள படகு வேறு உயிர், அதை மதித்துத்தான் அணுக வேண்டும். ஆகவே முதல் நாள் மட்டும் உள்ளூர் மாலுமி ஒருவரை உடன் வைத்துக்கொள்ள முடிவு செய்தோம்.

இரட்டை உடல் கொண்ட காட்டமரான் படகு சாயாது, இடமும் தாராளம் என்று கணவர் அதை விரும்பினார். வாடகை மிக அதிகம் என்பது ஒரு புறமிருக்க, சிறு துறைகளில் அதன் அகலத்துக்கு இடம் கிடைப்பது கடினம். சாய்ந்து ஓடும் ஒற்றை உடல் படகுதான் பாய்மரப் பயணத்தின் உண்மையான இன்பம் என்று நான் நம்புகிறேன். காற்று கூடும்போது பாயைச் சுருக்கிக்கொண்டால் சாய்வும் குறையும் என்று அண்ணியிடம் எடுத்துச் சொல்லி, நான்கு அறைகள் கொண்ட ஒற்றை உடல் படகைப் பதிவு செய்தோம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

வழித்தடத்தை வரைந்தாயிற்று. லெஃப்கடா நகரத்துப் படகுத் துறையில் சனிக்கிழமை மாலை ஏறி, அன்றிரவு அங்கேயே தங்குவோம். தீவை நிலத்தோடு இணைக்கும் மிதக்கும் பாலம் துறைக்கு வடக்கே இருப்பதால், தெற்கு நோக்கிச் செல்லும் நாங்கள் அது திறக்கும் நேரத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஞாயிறு காலை கால்வாய் வழியாக இறங்கி, நித்ரி ஊரையும், கிரேக்கக் கப்பல் அதிபர் ஓனாசிஸ் 1968இல், அமெரிக்க அதிபர் கென்னடியின் மனைவியாயிருந்த ஜாக்குலினை மணந்த ஸ்கார்பியோஸ் தீவையும் கடந்து, மெகனிசியில் இரவு தங்கல். திங்களன்று இதாகாவின் கியோனி. செவ்வாயன்று இதாகாவின் வடமுனையைச் சுற்றிக் கெஃபலோனியாவின் ஃபிஸ்கார்டோ. எந்த நாளும் பன்னிரண்டு கடல் மைலுக்குச் சற்று முன்பின்னாகவே இருக்கும். மணிக்கு ஐந்து கடல் மைல் ஓடினால் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அண்ணிக்குத் தாங்கும் அளவு அதுதான்.

கெஃபலோனியாவில் என் மனம் மெலிசானி குகை ஏரியின் மேல் இருக்கிறது. தீவின் தலைநகரான ஆர்கொஸ்டோலி அருகே கடல்நீர் பாறைப் பிளவுகளுக்குள் ஓயாமல் இறங்கி மறைகிறது. அது எங்கே போகிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. 1963இல் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் அதில் சாயம் கலந்து பார்த்தபோது, ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து, தீவின் மறுபக்கத்தில் சாமி ஊரை ஒட்டிய மெலிசானியிலும் அதன் அருகிலும் அந்தச் சாயம் வெளிப்பட்டது. ஒரு தீவின் அடிவயிற்றைக் கடல் ஊடுருவிச் செல்வதை நினைத்தாலே வியப்பாக இருக்கிறது. ஆனால் படகிலேயே சாமிப் பக்கம் போனால், திரும்பும்போது இதாகாவுக்கும் கெஃபலோனியாவுக்கும் இடையிலுள்ள நீண்ட கால்வாயில் வடமேற்குக் காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து ஏற வேண்டியிருக்கும். ஆகவே புதனன்று படகை ஃபிஸ்கார்டோவிலேயே கட்டிவிட்டு, வாடகைக் காரில் தரைவழியாகப் போய்வருவதென்று தீர்மானித்தோம். குகையின் கூரை திறந்திருப்பதால் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில்தான் நீர் ஒளிரும். காரில் போனால் அந்த நேரத்தைத் தவறாமல் பிடித்துவிடலாம்.

ஃபிஸ்கார்டோவில் இரண்டு இரவு தங்குவதில் எனக்கு இன்னொரு நிறைவும் உண்டு. 1953 ஆகஸ்ட் நிலநடுக்கத்தில் கெஃபலோனியாவின் ஊர்கள் ஏறக்குறைய தரைமட்டமானபோது, வடகோடியிலிருந்த இந்த ஊர் பெரும்பாலும் தப்பியது. தீவின் பழைய வீடுகள் எப்படியிருந்தன என்பதைக் குழந்தைகளுக்குக் காட்ட வேறு நல்ல இடமில்லை.

மார்ச் 14, சனி

துறையில் படகு கட்டும் முறை பற்றி இன்று அண்ணனும் நானும் படம் வரைந்து பேசினோம். வடகடலில் அவர் பழகியதுபோல் இங்கே படகின் பக்கவாட்டைத் துறையோடு ஒட்டிக் கட்ட இடமிருக்காது. துறையிலிருந்து மூன்று, நான்கு படகு நீளத்துக்கு முன்பே முன்புறத்து நங்கூரத்தை இறக்கி, சங்கிலியை விட்டுக்கொண்டே பின்னோக்கி வந்து, பின்புறத்திலிருந்து இரண்டு கயிறுகளைக் கரைக்குக் கொடுக்க வேண்டும். காற்று வரும் பக்கத்துக் கயிற்றை முதலில் கட்டிவிட்டால் படகு அடுத்த படகின் மேல் போய்ச் சாயாது. சங்கிலி குறைந்தது ஆழத்தின் நான்கைந்து மடங்கு வேண்டும். ஆனால் கியோனி போன்ற இடங்களில் கரையை ஒட்டியே கடல் ஆழமாக இறங்கிவிடுவதால், நங்கூரத்தோடு கரைப் பாறைகளுக்கு நீண்ட கயிறு போட்டும் கட்டுவார்கள். கடலடித் தரையில் பொசிடோனியா கடற்புல் தெரியும் இடத்தில் நங்கூரம் இறக்கவே கூடாது. புல்லில் நங்கூரம் சரியாகப் பிடிக்காது என்பது ஒன்று; மீன்குஞ்சுகள் வளரும் அந்தப் புல்வெளி ஒருமுறை பெயர்ந்துவிட்டால் மீண்டும் முளைக்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பது அதைவிட முக்கியமானது.

வேலைகளையும் இப்போதே பிரித்துவிட்டோம். சுக்கான் அண்ணனிடம், நங்கூரம் என் கணவரிடம், காற்றுப் பக்கத்துக் கயிறு என்னிடம். மோதல் தாங்கும் ஃபெண்டர்களை அண்ணி பார்த்துக்கொள்வார். படகு கட்டி முடியும் வரை குழந்தைகள் எழுந்திருக்கக் கூடாது.

பாரிமுனையில் 12 மில்லிமீட்டர் நைலான் கயிறு வாங்கி வந்து, சமையலறை ஜன்னல் கம்பியில் மகளுக்கு பௌலைன் முடிச்சைக் கற்றுக்கொடுத்தேன். கயிற்றில் சிறு வளையம் போட்டு, நுனியை அதற்குள் கீழிருந்து மேலே எடுத்து, நிற்கும் கயிற்றின் பின்புறமாகச் சுற்றி, அதே வளையத்துக்குள் மறுபடியும் இறக்கி இழுக்க வேண்டும். எவ்வளவு பாரம் தாங்கினாலும் கண்ணி சுருங்காது. வேலை முடிந்ததும் விரலால் தள்ளினாலே அவிழும். இரவு உணவுக்குள் அவள் கண்ணை மூடிக்கொண்டே போடக் கற்றுவிட்டாள்.

ஏப்ரல் 3, வெள்ளி

பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கான தாள்கள் தயார். மூன்று இரவு மியூனிக்கிலும் அதைவிட அதிக நாட்கள் கிரேக்கத்திலும் தங்குவதால் கிரேக்கத்துக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ; மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தங்குமிடச் சான்றாக ஏதென்ஸ் விடுதிப் பதிவையும் படகு ஒப்பந்தத்தையும் வைத்திருக்கிறேன்.

ஏதென்சிலிருந்து லெஃப்கடாவுக்குப் பேருந்தில் செல்கிறோம். வழியில் 2004இல் திறக்கப்பட்ட ரியோ–அந்திரியோ கம்பிவடப் பாலத்தின் மேல் கொரிந்த் வளைகுடாவைக் கடப்போம் என்பதால் அண்ணன் மகனுக்கு அதுவே ஒரு சுற்றுலா.

ஏப்ரல் 19, ஞாயிறு

சென்ற ஞாயிறு கிரேக்கத் திருச்சபையின் உயிர்ப்புத் திருநாள். அதை வைத்துக் கணக்கிட்டபோது, அவர்களுடைய பெந்தெகொஸ்தே மே 31 அன்றும், தூய ஆவித் திங்கள் ஜூன் 1 அன்றும் வருவது தெரிந்தது. கிரேக்கர்களுக்கு அது நீண்ட வார இறுதி. ஏதென்சிலிருந்தும் பாத்ராசிலிருந்தும் குடும்பங்கள் தீவுகளுக்கு வருவார்கள், துறைகளில் நெரிசல் இருக்கும். எனவே முதல் இரண்டு நாட்களும் நண்பகலுக்குள் இடம் பிடித்துவிட வேண்டும். மெகனிசியில் ஸ்பார்த்தோகோரிக்குக் கீழே, இரவு உணவுக்கு வரும் படகுகளைக் கட்ட உணவகமே இடம் தருகிறது. முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவைப்போம். மே 31 முழுநிலவும்கூட. வைகாசிப் பௌர்ணமியைக் கடல் நடுவே பார்க்கக் கிடைப்பது பெரும் பேறு.

உணவுப் பட்டியலும் இன்று முடிந்தது. பால், இறைச்சிப் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்துச் செல்ல அனுமதியில்லை என்பதால் நெய் இங்கிருந்து வராது. ரசப்பொடி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம் என் பொறுப்பு; அரிசியும் சிறு குக்கரும் அண்ணி கொண்டுவருகிறார். குக்கர் எரிவாயுவையும் தண்ணீரையும் மிச்சப்படுத்தும். தீவுகளில் நன்னீர் அருமை. படகின் தொட்டியிலுள்ள சில நூறு லிட்டரை ஆறு பேரும் கணக்குப் பார்த்தே செலவழிக்க வேண்டும். கடலில் குளித்துவிட்டு ஒரு சொம்பு நன்னீரில் உப்பைக் கழுவிக்கொள்வதென்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

மே 17, ஞாயிறு

விசா வந்துவிட்டது. கிரேக்கத் தேசிய வானிலைச் சேவையின் கடல் முன்னறிவிப்பையும், அந்நாட்டுக் கடல் ஆராய்ச்சி மையத்தின் பொசைடன் காற்று வரைபடங்களையும் நாள்தோறும் பார்த்துவருகிறேன். வசந்தம் முடியும் இந்த நாட்களில் தெற்கிலிருந்தும் காற்று வரக்கூடும். அப்படி வந்தால் வழித்தடத்தை மாற்ற இரண்டாவது திட்டம் ஒன்றை எழுதி அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறேன்: இதாகாவை ஒத்திவைத்து, மெகனிசியிலிருந்து கிழக்கே கலமோஸ், காஸ்டோஸ் தீவுகளின் சிறு துறைகளுக்குப் போவது. இரண்டு திட்டங்களிலும் வியாழக்கிழமைக்கு ஊர் எதையும் எழுதவில்லை. அன்றைய காற்றைப் பார்த்துத்தான் முடிவு.

காற்று ஒத்துழைத்தால், அன்று இதாகாவின் மேற்குக் கரையிலுள்ள போலிஸ் விரிகுடாவில் சில மணி நேரம் நங்கூரமிட விரும்புகிறேன். அங்கிருந்த குகையில் 1930களில் தொல்லியலாளர் சில்வியா பென்டன் நடத்திய அகழாய்வில் பழங்கால வெண்கல முக்காலிகளும், ஹோமரின் காவியத்தில் இதாகாவின் அரசனாக வரும் ஒடிசியசுக்கு நேர்ந்துகொண்டது என்று எழுத்துப் பொறித்த சுடுமண் முகமூடித் துண்டும் கிடைத்தன. கதையில் வரும் அரசனுக்கு மக்கள் நேர்த்திக்கடன் செலுத்திய அந்தத் துண்டு, மேலே ஸ்டாவ்ரோஸ் ஊரின் சிறு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விரிகுடாவிலிருந்து நடந்தே ஏறலாம். அது முடிந்தால் மாலைக்குள் வடக்கே லெஃப்கடாவின் சிவோட்டா. காற்று எதிராக இருந்தால் ஃபிஸ்கார்டோவிலிருந்து நேராக சிவோட்டா.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் படகை லெஃப்கடா துறையில் ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன் டீசல் நிரப்ப வேண்டும், அந்த வரிசையில் எல்லாப் படகுகளும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். ஆகவே சிவோட்டாவிலிருந்து காலை எட்டு மணிக்கே புறப்படுவதென்று முடிவு. அண்ணி கடல் மயக்க மாத்திரையை முதல் நாள் இரவே போட்டுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். சக்கரம் வைத்த பெட்டிகளைப் படகில் வைக்க இடமில்லை என்பதால், நாளை துணிப்பைகளை எடுத்து அடுக்கத் தொடங்குகிறேன்.